தனி புரோகிராமர் இல்லாத சொந்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டு: எந்தச் சிப், எந்தச் சர்க்கிட்?

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. பிரெட்போர்டில் ஏடிமெகா328பி ஓடுகிறது. ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டை ஐஎஸ்பி (சிப்பைக் கழற்றாமலே அதில் எழுதும் முறை) புரோகிராமர் ஆக்கி அதன் வழியாகக் கோடு, அதாவது புரோகிராம், ஏற்றுகிறீர்கள். இனி அந்த ஆறு கம்பிகள் வேண்டாம், யூஎஸ்பி-சி கேபிளைச் செருகினால் போதும் என்கிற மாதிரி சொந்தமாக ஒரு போர்டு போட வேண்டும், அதற்கு எந்தச் சிப், எந்தப் புரோகிராமர் சர்க்கிட் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் எழுதிய கோடு எங்கோ சிக்கி, சிப் எதற்கும் பதில் சொல்லாமல் நிற்கும் நாள் கட்டாயம் வரும். அன்றைக்கு அதற்குள் போக என்ன வழி? அதை முதலில் முடிவு செய்துவிட்டால், சிப்பும் சர்க்கிட்டும் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும்.

நான் தொழிற்சாலைச் சோதனைக் கருவிகளுக்கு உள்ளே போகும் சிறிய கன்ட்ரோலர் போர்டுகளை வரைபவன். வார இறுதியில் மாணவர்கள் கொண்டுவரும் போர்டுகளையும் பார்த்துக் கொடுப்பதுண்டு. ஆன்டெனா வடிவமைப்பு என் துறை இல்லை. வைஃபை வேண்டுமென்றால் மாட்யூலாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மாட்டேன். உங்கள் சர்க்கிட் படத்தையும் நீங்கள் போடவில்லை. ஆகவே இது பொதுவான பதில். உங்கள் போர்டுக்கே உரிய கோளாறு எதையும் இதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

போர்டிலேயே புரோகிராமர் இருக்கிறது என்று விற்கப்படுபவற்றில் மூன்று வகை உண்டு, மூன்றும் உள்ளே வெவ்வேறு. முதல் வகை ஊனோவும் நானோவும். ஊனோவில் உள்ள ஏடிமெகா16யூ2 தான் புரோகிராமர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது யூஎஸ்பிக்கும் சீரியலுக்கும் நடுவே பைட்டுகளைக் கடத்துகிறது, அவ்வளவுதான். ஃபிளாஷில் எழுதும் வேலையைச் செய்வது 328பிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஆப்டிபூட் என்ற 512 பைட் பூட்லோடர். ரீசெட் ஆனதும் அது சுமார் 1 வினாடி சீரியல் பக்கம் கேட்டுப் பார்க்கும். யாரும் பேசவில்லை என்றால் உங்கள் கோடுக்குக் கட்டுப்பாட்டைக் கொடுத்துவிடும். அந்த 512 பைட்டும் அழிந்துபோனால் யூஎஸ்பி கேபிளால் எந்தப் பயனும் இல்லை. ஐஎஸ்பி பின்கள்தான் கதி.

இரண்டாவது வகையில் பூட்லோடரைச் சிப் செய்தவர்களே ரோமில் பொறித்து அனுப்புகிறார்கள். அதை உங்களால் அழிக்க முடியாது. 2021 ஜனவரியில் ராஸ்பெர்ரி பை பிக்கோவோடு வந்த ஆர்பி2040 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பூட்செல் பட்டனை அழுத்தியபடி கேபிளைச் செருகினால் கணினியில் ஒரு டிரைவாகத் தெரியும். யூஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. வைஃபை உள்ள இஎஸ்பி32-எஸ்3, இஎஸ்பி32-சி3 இரண்டிலும் யூஎஸ்பி சீரியலும் ஜேடேக் என்ற பிழை தேடும் இணைப்பும் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. எஸ்டிஎம்32 குடும்பத்தில் மட்டும் ஆளுக்கு ஒரு வழக்கம். எஃப்072, எஃப்411 போன்றவற்றின் ரோமில் யூஎஸ்பி வழியாக ஏற்றும் டிஎஃப்யூ உண்டு. ‘புளூ பில்’ போர்டில் வரும் எஃப்103 சிப்பில் யூஎஸ்பி பின்கள் இருந்தாலும் ரோமுக்கு யூஎஸ்பி தெரியாது, சீரியல் மட்டும்தான். பின் இருக்கிறதே என்று நம்பிப் போர்டை அச்சடித்துவிட்டு, பிறகு சீரியல் மாற்றி தேடி அலைந்தவர்கள் இருக்கிறார்கள். லியோனார்டோவில் உள்ள 32யூ4 இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது: யூஎஸ்பி சிப்புக்குள்ளே, ஆனால் பூட்லோடர் அழியக்கூடிய ஃபிளாஷில். உங்கள் கோடு யூஎஸ்பியையே முடக்கிவிட்டால் கணினியில் போர்ட் காணாமல் போகும். ரீசெட்டை அழுத்திவிட்டு, பூட்லோடர் விழித்திருக்கும் சில வினாடிக்குள் ஏற்றியாக வேண்டும்.

மூன்றாவது வகைதான் உண்மையிலேயே புரோகிராமர் உள்ள போர்டு. எஸ்டிஎம்32 செய்யும் எஸ்டி நிறுவனத்தின் நியூக்ளியோ போர்டுகளின் தலைப்பகுதியில் எஸ்டி-லிங்க் என்று தனியாக ஒரு சிப்பே இருக்கும். மைக்ரோபிட் என்ற போர்டிலும் இப்படி இரண்டாவது சிப் ஒன்று இருக்கிறது. இதில் கோடு ஏற்றுவது சின்ன வசதி. ஓடிக்கொண்டிருக்கும் கோடை எந்த வரியிலும் நிறுத்தி, மாறிகளின் மதிப்பைப் பார்ப்பதுதான் பெரிய வசதி. ஒரு தடவை அதற்குப் பழகியவர்கள் சீரியலில் அச்சடித்துப் பிழை தேடும் பழக்கத்துக்குத் திரும்புவதில்லை. விலை என்னவென்றால், அந்தப் புரோகிராமர் சிப்புக்கு யார் கோடு ஏற்றுவது என்ற கோழியா முட்டையா கேள்வி. அந்த வேலைக்கு ஆர்பி2040 வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அதன் ரோமே யூஎஸ்பி பேசுவதால், ராஸ்பெர்ரி பை வெளியிட்டிருக்கும் டீபக்புரோப் ஃபர்ம்வேரை ஒருமுறை இழுத்துப் போட்டால் அது எஸ்டபிள்யூடி (கோடு ஏற்றவும் நிறுத்திப் பார்க்கவும் உதவும் இணைப்பு) புரோகிராமர் ஆகிவிடும், கூடவே ஒரு சீரியல் போர்ட்டும் கிடைக்கும். கவனம்: எஸ்டபிள்யூடி என்பது ஆர்ம் சிப்புகளுக்கானது. 328பிக்கு அது உதவாது.

உங்கள் முதல் போர்டுக்கு நான் சொல்வது: 28 பின் டிப் உறையில் வரும் 328பி, சாக்கெட்டில், பக்கத்தில் யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிஎச்340சி. இதில் ஒரு பகுதி உறுதியான காரணம், ஒரு பகுதி என் சொந்த விருப்பம். உறுதியானது எது என்றால், நீங்கள் இந்தச் சிப்பை ஏற்கெனவே ஓட்டியிருக்கிறீர்கள். எதுவும் வேலை செய்யாவிட்டால் சிப்பைப் பிடுங்கி உங்கள் பழைய பிரெட்போர்டில் வைத்து, தவறு சிப்பிலா போர்டிலா என்று ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். ஆர்பி2040 பல மடங்கு பெரிய சிப் என்று நண்பர்கள் சொல்வார்கள். ரேமைப் பொறுத்தவரை கணக்கு நூறு மடங்கைத் தாண்டும்: 2 கிலோபைட் எங்கே, 264 கிலோபைட் எங்கே. ஆனால் அது 7 மில்லிமீட்டர் சதுரத்தில் 56 பின், பின்களுக்கிடையே 0.4 மில்லிமீட்டர், வயிற்றில் ஒரு கிரவுண்ட் பேட், ஃபிளாஷ் தனிச் சிப். ஹாட் ஏர் கருவியும் ஸ்டென்சிலும் இல்லாமல் முதல் போர்டில் அதைத் தொட வேண்டாம். இரண்டாவது போர்டு நிச்சயம் அதுதான். சிஎச்340சியைச் சொல்வது என் விருப்பம். ஆசிலேட்டர் உள்ளேயே இருப்பதால் கிரிஸ்டல் வேண்டாம், 16 காலும் சாதாரண சாலிடர் முனைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். பெயரில் ஜி என்று முடியும் அண்ணன் சிப்புக்கு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வேண்டும். வாங்கும்போது கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். சிஎச்340சியில் வி3 என்றொரு பின் உண்டு. 5 வோல்ட்டில் ஓட்டினால் அதிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட் மட்டும், 3.3 வோல்ட்டில் ஓட்டினால் அதை மின்சாரப் பின்னோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.

இந்தப் போர்டின் உயிர் ரீசெட் கம்பியில் இருக்கிறது, ஆகவே அங்கே கொஞ்சம் நிற்போம். கணினி சீரியல் போர்ட்டைத் திறந்ததும் சிஎச்340சியின் டிடிஆர் பின் 5 வோல்ட்டிலிருந்து 0-வுக்கு இறங்கி, போர்ட் மூடும்வரை அங்கேயே இருக்கும். அதை நேராக ரீசெட்டில் கட்டினால் சீரியல் மானிட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் சிப் ரீசெட்டிலேயே கிடக்கும். அதனால்தான் நடுவில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், ரீசெட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோஓம். டிடிஆர் இறங்கும் கணத்தில் கெப்பாசிட்டர் ரீசெட்டையும் கூடவே கீழே இழுக்கிறது. பிறகு 10 கிலோஓம் வழியாக மெல்ல மேலே ஏறுகிறது. இரண்டையும் பெருக்கினால் 1 மில்லிவினாடி. 328பி கேட்பது 2.5 மைக்ரோவினாடி மட்டுமே என்பதால் இது தாராளம். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் செங்குத்தாக விழுந்து வளைந்து ஏறும் ஒரு கொக்கி தெரியும். அதே திரையில் போர்ட் மூடும்போது என்ன ஆகிறது என்றும் பாருங்கள். டிடிஆர் மறுபடி 5-க்குத் தாவும்போது, ஏற்கெனவே 5-இல் இருக்கும் ரீசெட்டைக் கெப்பாசிட்டர் மேலே தள்ளுகிறது. ஒரு கணம் 10 வோல்ட்டை நெருங்கும். மற்றப் பின்களில் இந்த மாதிரி எகிறலை 5 வோல்ட் பக்கம் வடித்துவிடும் டையோடு சிப்புக்குள்ளேயே உண்டு. ரீசெட்டில் மட்டும் இல்லை, ஏனென்றால் 12 வோல்ட் கொடுத்து உயர் மின்னழுத்த முறையில் எழுதுவதற்கு அந்தப் பின்னைத்தான் பயன்படுத்துகிறார்கள். 10 என்பது 12 ஆகாது, டையோடு இல்லாத போர்டுகள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன என்பது உண்மைதான். ஆனாலும் ரீசெட்டிலிருந்து 5 வோல்ட் பக்கம் போகும்படி ஒரு சிறிய டையோடு போடுங்கள். சில காசு செலவு. ஊனோவிலும் அது இருக்கிறது.

அந்தக் கெப்பாசிட்டருக்கு வரிசையில் ஒரு சாலிடர் ஜம்பரும் வையுங்கள். போட்டி நாளிலோ, பதிவுக் கருவியாக ஓடும்போதோ, மடிக்கணினியைச் செருகியவுடன் போர்டு ரீசெட் ஆவது தொல்லை. வெட்டிவிட ஒரு இடம் இருப்பது நல்லது.

டிஎக்ஸ், ஆர்எக்ஸ் குறுக்கே போக வேண்டும்: ஒருவர் பேசும் பின் மற்றவர் கேட்கும் பின்னுக்கு. படத்தில் பெயரை மட்டும் பார்த்து டிஎக்ஸை டிஎக்ஸோடு சேர்ப்பதுதான் நான் பார்க்கும் போர்டுகளில் மிக அதிகமாக வரும் தவறு. இரண்டு கம்பியிலும் 1 கிலோஓம் ரெசிஸ்டர் வையுங்கள். அப்போது 0, 1 பின்களில் நீங்கள் வேறு எதையாவது மாட்டினாலும் இரண்டு சிப்பும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாது. தவறிப்போய் மாற்றி வரைந்துவிட்டாலும், அந்த ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டுக் குறுக்கே இரண்டு மெல்லிய கம்பிகள் போட்டுச் சரிசெய்யலாம்.

இப்போது, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். யூஎஸ்பி இருக்கிறதே என்று ஐஎஸ்பி ஹெடரை விட்டுவிடாதீர்கள். ஆறு பின், இரண்டு வரிசை. மிசோ, மோசி, எஸ்சிகே, ரீசெட், 5 வோல்ட், கிரவுண்ட். பின் குச்சிகளைச் சாலிடர் செய்யாவிட்டாலும் துளைகளாவது போர்டில் இருக்கட்டும். கடையில் வாங்கும் புதிய 328பியில் பூட்லோடர் இருக்காது. முதல் முறை அதை ஏற்றவே இந்த வழி வேண்டும். ஆலையிலிருந்து வரும் சிப் உள் ஆசிலேட்டரின் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். ஐஎஸ்பியின் எஸ்சிகே வேகம் அதில் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவாக. இது தெரியாமல் வேகமாகப் பேசிப் பார்த்து, பதில் வரவில்லை என்று நல்ல சிப்பைக் குப்பையில் போடுகிறார்கள். வேகத்தைக் குறைத்து ஒருமுறை ஃபியூஸ் (கடிகாரம் போன்ற அடிப்படை அமைப்புகளைச் சிப்புக்குள் குறிக்கும் பிட்டுகள்) எழுதிவிட்டால், அதன் பிறகு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஓடும்போது வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம். வெளிக் கிரிஸ்டல் என்று ஃபியூஸ் எழுதிவிட்டு, கிரிஸ்டல் சரியாகச் சாலிடர் ஆகவில்லை என்றால் சிப் செத்ததுபோல் கிடக்கும். எக்ஸ்டால்1 பின்னில் வெளியிலிருந்து ஒரு கடிகாரச் சிக்னல் கொடுத்தால் எழுந்துவிடும். ரீசெட் பின்னைச் சாதாரணப் பின்னாக மாற்றும் ஃபியூஸை மட்டும் தொடவே வேண்டாம். தொட்டால் 12 வோல்ட் முறை ஒன்றுதான் மீட்கும்.

இன்னொன்று, ஐஎஸ்பி வழியாக நேரடியாக உங்கள் கோடை ஏற்றினால் முதலில் சிப் முழுவதும் அழிக்கப்படும், பூட்லோடரும் சேர்ந்தே போகும். நேற்றுவரை வேலை செய்த யூஎஸ்பி இன்று ஏன் செய்யவில்லை என்று வரும் கேள்விகளில் பாதிக்கு இதுவே பதில்.

இஎஸ்பி32 பக்கம் போகும் எண்ணம் இருந்தால் சுருக்கமாக: பழைய, உள்ளே யூஎஸ்பி இல்லாத இஎஸ்பி32-க்கு டிடிஆர், ஆர்டிஎஸ் இரண்டையும் இரண்டு டிரான்சிஸ்டர்களால் குறுக்கே கட்டி, ஈஎன் பின்னையும் ஜிபிஐஓ0-வையும் இயக்க வேண்டும். குறுக்கே கட்டுவதன் காரணம், இரண்டு சிக்னலும் ஒரே நேரத்தில் இறங்கினால் எதுவும் நடக்கக்கூடாது என்பதே. சாதாரண சீரியல் மானிட்டர்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் இறக்குகின்றன. அந்தச் சர்க்கிட் இருந்தாலும் பூட், ரீசெட் என்று இரண்டு பட்டன்களை வையுங்கள், தானியங்கி முறை சில கணினிகளில் அடம்பிடிக்கும். ஜிபிஐஓ12-ஐச் சிப் எழும் நேரத்தில் மேலே இழுக்கும் எதையும் அதில் மாட்டாதீர்கள். ஃபிளாஷுக்கான மின்னழுத்தம் 1.8 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு எழ மறுக்கும். எஸ்3, சி3 வாங்கினால் இந்த டிரான்சிஸ்டர் கதையே இல்லை. இன்று புதிதாகத் தொடங்குபவருக்குப் பழையதை நான் சொல்வதில்லை.

மின்சாரப் பக்கம் யூஎஸ்பி-சி ஒரு சிறிய பொறி வைத்திருக்கிறது. ஒரு மாணவர் கொண்டுவந்த போர்டு வீட்டு மேசைக் கணினியில் நன்றாக ஓடியது, நண்பரின் புதிய மடிக்கணினியில் விளக்குகூட எரியவில்லை. வீட்டில் அவர் பயன்படுத்தியது ஒருபக்கம் அகலமான பழைய ‘ஏ’ முனை, மறுபக்கம் சி. அப்படிப்பட்ட கேபிளில் ஏ பக்கத்திலிருந்து 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். இரு பக்கமும் சி உள்ள கேபிளில், மறுமுனையில் ஒரு சாதனம் இருக்கிறது என்று உறுதியாகும்வரை மின்சாரமே திறக்காது. அதை உறுதிசெய்வது சிசி1, சிசி2 இரண்டு பின்களிலிருந்தும் கிரவுண்டுக்குப் போக வேண்டிய 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்கள். அவர் போர்டில் அவை இல்லை. ஒவ்வொரு பின்னுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வேண்டும், இரண்டையும் சேர்த்து ஒன்று போடக்கூடாது. 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4-இன் முதல் பதிப்பிலேயே அப்படி ஒன்றாகச் சேர்த்துவிட்டதால், அடையாளச் சிப் உள்ள சில கேபிள்களில் அது எழவில்லை. ஜாக் வாங்கும்போதும் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கும் 6 பின் ஜாக்கில் மின்சாரம் மட்டும்தான், டேட்டா கம்பிகள் கிடையாது. 16 பின் வகையை வாங்கி, அதில் இரண்டிரண்டாக வரும் டி பிளஸ், டி மைனஸ் பின்களை ஜோடி சேர்த்துவிடுங்கள்.

யூஎஸ்பி 5 வோல்ட்டில் ஒரு 500 மில்லிஆம்பியர் பாலிஃபியூஸ். வெளி அடாப்டரும் உண்டு என்றால், அந்த மின்சாரம் யூஎஸ்பி வழியாகக் கணினிக்குள் திரும்பிப் போகாதபடி ஒரு ஷாட்கி டையோடோ மாஸ்ஃபெட்டோ. 3.3 வோல்ட் வேண்டும் என்றால் எல்லோரும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரை வைக்கிறார்கள்; கெட்டதில்லை. ஆனால் அது முழு மின்னோட்டத்தில் 1.3 வோல்ட்வரை விழுங்கும். டையோடு தாண்டி வரும் 4.6 வோல்ட்டில் அதைக் கழித்தால் மிச்சம் ஏதும் இல்லை. வைஃபை சிப்புக்கு 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய சப்ளை வேண்டும் என்பதால் அங்கே இது சரிப்படாது. வீழ்ச்சி குறைந்த வேறு ரெகுலேட்டர் தேடுங்கள். ஏஎம்எஸ்1117-இன் டேட்டாஷீட் வெளியீட்டில் 22 மைக்ரோஃபாரட் டான்டலம் கெப்பாசிட்டர் கேட்கிறது. செராமிக் ஒன்றை மட்டும் போட்டு ஓடுகிற போர்டுகளும் இருக்கின்றன, மின்னழுத்தம் அலைபாய்கிற போர்டுகளும் இருக்கின்றன. எது உங்களுடையது என்று ஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.

போர்டு வரைவதைப் பற்றி இணையத்தில் படிக்கும் அறிவுரைகளில் உறுதியானதையும் மிகையானதையும் பிரித்துச் சொல்கிறேன். ஒவ்வொரு மின்சாரப் பின்னுக்கும் ஒரு 100 நானோஃபாரட், பின்னை ஒட்டி, குறுகிய வழியில்: இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 328பியில் ஏவிசிசியும் ஒரு மின்சாரப் பின்தான், அனலாக் பயன்படுத்தாவிட்டாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும். கிரிஸ்டலும் அதன் இரண்டு கெப்பாசிட்டர்களும் சிப்பை ஒட்டி, அடியில் வேறு சிக்னல் கம்பி ஓடாமல்: இதுவும் உறுதி. கீழ்ப்பக்கம் முழுவதும் கிரவுண்ட்: உறுதி. யூஎஸ்பி ஜோடிக்கு 90 ஓம் கணக்குப் போட்டு, நீளத்தை மில்லிமீட்டர் பிசகாமல் சமன் செய்ய வேண்டும் என்று பயமுறுத்துவது இந்த வேகத்துக்குத் தேவையில்லை. இது 12 மெகாபிட் யூஎஸ்பி. ஜாக்கிலிருந்து சிப்வரை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள், பக்கம் பக்கமாக, கிரவுண்டுக்கு மேலே ஓட்டினால் போதும். முனைக் கோணம் 90 பாகை இருந்தால் சிக்னல் கெடும் என்பதையும் இந்தப் போர்டுக்கு மறந்துவிடலாம்.

சாமான் வாங்க, சிங்கப்பூரில் இருப்பதால், சிம் லிம் டவருக்குப் போங்கள், ஜாலான் புசார் சாலைப் பக்கம். சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விட்டு ரெசிஸ்டர் கிடைக்கவில்லை என்று திரும்பி வராதீர்கள். அது கணினிக் கட்டடம். 328பி, சாக்கெட், ஹெடர், கிரிஸ்டல், ரெசிஸ்டர் எல்லாம் டவரில் கையோடு வாங்கலாம். சிஎச்340சி, 16 பின் சி ஜாக் மாதிரி ஒன்றிரண்டை மட்டும் இணையத்தில் வரவழைக்க நேரலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 முதல் பொருள், சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. பெரிய தளங்கள் விலையிலேயே சேர்த்து வாங்கிக்கொள்ளும். முக்கியமான சிப்பை மட்டும் பெயர் தெரிந்த விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். நம்ப முடியாத விலைக்கு வரும் 328பிகளில் பழைய போர்டிலிருந்து கழற்றியவையும், மேலே வேறு பெயர் அச்சடித்தவையும் கலந்திருக்கும். ஐஎஸ்பியில் மாட்டியதும் சிப் சொல்லும் அடையாள எண் 328பியுடையதா 328உடையதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் எண் வேறு.

போர்டை வீட்டிலேயே ஃபெரிக் குளோரைடில் அரித்தெடுக்கும் ஆசை சிலருக்கு உண்டு. 328பி மட்டும் என்றால் முடியும், 0.5 மில்லிமீட்டர் இடைவெளியில் பேட் உள்ள சி ஜாக்கை அந்த முறையில் சுத்தமாக எடுப்பது பெரும்பாடு. செய்தே தீருவேன் என்றால் பழைய சதுர பி ஜாக்கைப் போடுங்கள், துளையில் சாலிடர் செய்வது எளிது. மிச்சக் கரைசலை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் கழுவுதொட்டியிலோ கழிப்பறையிலோ ஊற்றாதீர்கள். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியைக்கூட அது அரிக்கும். அதில் கரைந்திருக்கும் செம்பு கழிவுநீரோடு சேரும், அந்தக் கழிவுநீரில் ஒரு பகுதியைத்தான் இங்கே சுத்திகரித்து நியூவாட்டர் என்ற மறுபயன்பாட்டு நீர் ஆக்குகிறார்கள். உங்கள் பாலியின் ஆய்வுக்கூடத்தில் சேகரிப்புக் கலன் இருக்கும், ஆசிரியரிடம் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் சீன ஆலைகளில் அச்சடிப்பதே மேல். வழக்கமாக ஐந்து போர்டுதான் குறைந்தபட்சம், துளைக்குள் செம்புப் பூச்சோடு வரும்.

நம் ஊர் ஈரப்பதம் சராசரியே 80 விழுக்காட்டைத் தாண்டுவது. சாலிடர் செய்தபின் மிஞ்சும் ஃபிளக்ஸ், குறிப்பாகக் கிரிஸ்டல் கால்களுக்கிடையே, ஈரத்தை உறிஞ்சி மின்சாரம் கசிய விடலாம். காலையில் ஓடாமல் மதியம் ஓடும் போர்டுகளில் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் போதும். பின்னாளில் ஈரம் படக்கூடாது என்ற எச்சரிக்கையோடு பையில் வரும் சிப் எதையாவது வாங்கினால் பையைப் பிரித்துவிட்டு மேசையில் போட்டு வைக்காதீர்கள். உறை ஈரம் இழுத்து, ஹாட் ஏர் படும்போது உள்ளே வெடிப்பு விழலாம். வீட்டில் கேமராவுக்கு உலர்பெட்டி வைத்திருந்தால் அதில் ஒரு மூலை கேளுங்கள்.

போர்டு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சாலிடர் செய்ய வேண்டாம். முதலில் ஜாக், சிசி ரெசிஸ்டர்கள், ஃபியூஸ், ரெகுலேட்டர். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்ட்டிமீட்டரில் ஷார்ட் இல்லை என்று பார்த்த பிறகு கேபிள். அதையும் மடிக்கணினியில் செருகாமல் பழைய யூஎஸ்பி சார்ஜரில் செருகுங்கள். மின்னழுத்தம் சரி என்றால் சிஎச்340சி. கணினியில் போர்ட் தெரிகிறதா? தெரிந்தால் 328பி சாக்கெட் காலியாக இருக்கும்போதே டிஎக்ஸ், ஆர்எக்ஸ் துளைகளை ஒரு கம்பியால் இணைத்து, சீரியல் மானிட்டரில் எதையாவது தட்டுங்கள். தட்டியது திரும்பி வந்தால் யூஎஸ்பி பாதி முடிந்தது. போர்ட் தெரியவே இல்லை என்றால் சிப்பைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள், மின்னேற்ற மட்டும் பயன்படும் கேபிள்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அதன் பிறகு 328பி, ஐஎஸ்பி வழியாகப் பூட்லோடர், கடைசியாக யூஎஸ்பி வழியாக ஒரு விளக்கு மினுக்கும் கோடு. இந்த வரிசையில் போனால் எந்தப் படியில் தவறு என்று தேட வேண்டியிருக்காது.

இதை நண்பர்களுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் போர்டை மட்டும் விற்றுவிடுங்கள். 230 வோல்ட்டில் மாட்டும் அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்தால் அதற்கு இங்கே பாதுகாப்பு முத்திரை வேண்டும்.

ஆலைக்குக் கோப்பை அனுப்புவதற்கு முன் போர்டின் படத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சடித்து, வாங்கிய சாக்கெட்டையும் ஜாக்கையும் அதன் மேல் வைத்துப் பாருங்கள். 28 பின் சாக்கெட்டில் அகலமானதும் குறுகியதும் உண்டு, உங்களுக்கு வேண்டியது 0.3 அங்குலம். பிறகு சர்க்கிட் படத்தை இங்கே போடுங்கள். முழுப் படம் இல்லாவிட்டாலும் ரீசெட் கம்பி, யூஎஸ்பி ஜாக், மின்சாரம் வரும் வழி, இந்த மூன்று பகுதியும் தெளிவாகத் தெரிந்தால் போதும், பார்த்துச் சொல்கிறேன்.